மேல்மடை இல்லாத ஏரி

இந்தப் பக்கம் கல் என்பது
லாரியில் வந்து இறங்குவது.
தோண்டினால் மண், அதற்குக் கீழும் மண்,
அதற்கும் கீழே கொஞ்சம் கிளிஞ்சல், உப்பு.

முப்பத்தோரு வருஷமாக நான் லஸ்கர்.
தலைஞாயிறு தாண்டி, கடலுக்கு முன்னால்
கடைசி ஷட்டர் என் கையில்.
மேலே தண்ணீர் வந்தால் திறப்பேன்.
கீழே உப்பு ஏறினால் அடைப்பேன்.
மற்ற நாளெல்லாம்
பல்சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பேன்.

மச்சினன் மகள் திராவிடச்செல்வி,
ஆராய்ச்சிக் கப்பலில் போனவள்,
ஒரு வீடியோ அனுப்பினாள்.
நான்கு நாள் கடல், இரண்டு நாள் நடை,
மனுஷர் இல்லாத தீவு.
மலை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்,
பள்ளம் நிறைய நீலம்.
காற்று இரைகிறது. நடுவே அவள் மூச்சு.

மலை எங்கே போச்சு என்றேன்.
எரிமலை, மாமா.
வயிற்றில் இருந்ததை ஒரேயடியாகக் கக்கிவிட்டு
உள்ளே தாங்க ஒன்றும் இல்லாமல்
கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது என்றாள்.

எனக்குப் பக்கிரிசாமி ஞாபகம் வந்தார்.
பயிர் கருகிய வருஷம்
செக்‌ஷன் ஆபீஸ் வாசலில் கத்தித் தீர்த்துவிட்டு
மனுவும் கையுமாக அப்படியே உட்கார்ந்தவர்.
அதற்குப் பிறகு அவர்
யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை.

அதில் எந்த ஆறு விழுகிறது?
ஆறே இல்லை, மாமா. மழைதான்.
வடிகால்?
கிடையாது. வெயில் குடித்தது போக மிச்சம் நிற்கும்.
யார் திறந்துவிடுகிறார்கள் என்று கேட்கப் போய்
வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.
மேகத்துக்கு மேலே அதிகாரி இல்லாத தண்ணீர்.
ஜூன் பன்னிரண்டு இல்லை, முறை இல்லை,
எத்தனை கன அடி என்று எவரும் போனில் அதட்டுவதில்லை.
இங்கே ஒரு சொட்டு என்னிடம் வருவதற்குள்
இரண்டு மாநிலம் அதை எண்ணிப் பார்த்துவிடுகிறது.
பொறாமைதான். சொல்வதற்கென்ன.

விடிகிற நேரத்தில் வேறொன்று தோன்றியது.
அந்தத் தண்ணீருக்காக
ஒருவரும் விதைநெல்லை ஊற வைத்ததில்லை.
வந்திருச்சு, வந்திருச்சு என்று
ஒருவனும் சைக்கிளில் கூவிக்கொண்டு போனதில்லை.

லீவில் வந்தபோது ஒரு கல் கொடுத்தாள்.
சாம்பல் நிறம், உடம்பெல்லாம் ஓட்டை,
நன்றாகப் புளித்த மாவில் ஊற்றிய ஆப்பம்.
கேஜ் நோட்டின் மேல் வைத்தேன்.
ஃபேன் போட்டதும் தாள் படபடத்தது, கல் உருண்டு விழுந்தது.
கல்லுக்கு என்று ஒரு மரியாதை வேண்டாமா?

தண்ணியில போடுங்க, மிதக்கும் என்றாள்.
வைகாசியில் தண்ணிக்கு எங்கே போவது?
கேஜ் கிணற்றின் அடியில்
வெடித்த சேறும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன.
அதற்குள் போட்டேன்.
விழுந்த சத்தம்கூடக் கல் மாதிரி இல்லை.

மேட்டூர் திறந்தாச்சு என்றார்கள்.
கல்லணை தாண்டியாச்சு,
நீடாமங்கலத்தில் மூன்றாகப் பிரிச்சாச்சு என்றார்கள்.
ஆனி பாதி போய்விட்டது.
ஷட்டர் பலகையில் கொக்கு எச்சம் காய்ந்து கிடந்தது.

ஒரு ராத்திரி,
ஒன்றரை மணி இருக்கும்,
தவளை கத்தி எழுந்தேன்.
டார்ச் அடித்தால் நுரை, வைக்கோல், ஷாம்பு கவர்,
எந்த ஊர்க் கல்யாணத்திலோ தின்ற இலை.
ஓடிப்போய்க் கிணற்றுக்குள் பார்த்தேன்.

கல் எழுந்து வந்திருந்தது.
செருப்பும்தான்.
இரண்டும் சுவரில் முட்டி, விலகி, முட்டி.

பதினைந்து சென்டிமீட்டர்.
எழுதினேன்.
குறிப்புக் கட்டத்தில்
கல் மிதக்கிறது என்று எழுதி, அடித்து,
வரத்து உண்டு என்று மாற்றினேன்.
பக்கிரிசாமிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தேன்.
காற்று இருந்தது.